துளி ஏறும் கோபுரம்

புதுச் சுங்குடிச் சேலையை முதல் தடவை நனைத்தால் வாளித் தண்ணீர் சிவந்துபோகும். சாயத் தண்ணீரில் ஊறிய அந்தச் சேலையை அலச ஒன்பது லிட்டர் நல்ல தண்ணீர்தான் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்பதையும் ஒரே வாளியில் ஊற்றி ஒரே தடவையில் அலசிவிடுவதா, மும்மூன்று லிட்டராகப் பிரித்து மூன்று தடவை அலசுவதா? கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய மதுரை வீடுகளில் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். மூன்று தடவைதான். ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பழகியவர்களுக்கே வியப்பாக இருக்கும்.

எவ்வளவு பிழிந்தாலும் சேலையில் ஒரு லிட்டர் தண்ணீர் தங்குகிறது என்று கொள்வோம். உதிரிச் சாயம் முழுக்க அந்த ஒரு லிட்டரில் இருக்கிறது. ஒன்பது லிட்டரில் முக்கினால் சாயம் பத்து லிட்டரில் பரவும். பிழிந்தபின் சேலையில் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. மூன்று லிட்டரில் முக்கினால் மிஞ்சுவது நான்கில் ஒரு பங்கு. அதையே இன்னொரு மூன்று லிட்டரில் அலசினால் பதினாறில் ஒன்று; மூன்றாவது தடவை அறுபத்து நான்கில் ஒன்று. தண்ணீர் அதே ஒன்பது லிட்டர்தான், மிச்சச் சாயம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

அலச வேண்டிய சேலைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். மூன்று வாளிகளை வரிசையாக வைத்து, சேலையை முதல் வாளியிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்த்துங்கள். நல்ல தண்ணீரை மூன்றாவது வாளியில் மட்டும் ஊற்றுங்கள். அதில் அலசிய தண்ணீரைக் கீழே கொட்டாமல் இரண்டாவது வாளிக்கும், அங்கிருந்து முதல் வாளிக்கும் மாற்றுங்கள். இப்போது சேலை ஒன்றுக்கு ஆகும் நல்ல தண்ணீர் மூன்றே லிட்டர். மிஞ்சும் சாயம் நாற்பதில் ஒரு பங்கு. ஒன்பது லிட்டரை ஒரே தடவையில் கொட்டி அலசியதைவிட நான்கு மடங்கு சுத்தம், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில்.

மிக அழுக்கான சேலையை மிக அழுக்கான தண்ணீரும், கிட்டத்தட்டச் சுத்தமான சேலையை மிகச் சுத்தமான தண்ணீரும் சந்திப்பதுதான் காரணம். சாயம் சேலையிலிருந்து தண்ணீருக்கு நகர வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே செறிவில் வேற்றுமை இருக்க வேண்டும். எதிரெதிராக நகர்த்தும்போது வரிசையின் எந்த இடத்திலும் அந்த வேற்றுமை தீர்ந்துபோவதில்லை. இதை எதிரோட்டம் என்பார்கள். பெட்ரோலியச் சுத்திகரிப்பிலிருந்து அணு எரிபொருள் வரை உலகத்தின் பெரிய பிரித்தெடுப்பு ஆலைகள் இந்த ஒரு யோசனையின்மேல் நிற்கின்றன.

ஒன்றில் கரைந்திருக்கும் பொருளை, அதை அதிகம் விரும்பும் இன்னொரு திரவத்தை வைத்து வெளியே இழுப்பதற்குக் கரைப்பான் பிரித்தெடுப்பு என்று பெயர். மதுரை வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியில் மாட்டுத்தாவணிச் சந்தையில் விற்றது போக ஒரு பகுதி சென்ட் ஆலைகளுக்குப் போகிறது. நிலக்கோட்டைப் பக்கத்துப் பூவும் அப்படித்தான். மல்லியை நீராவியில் வேகவைத்து வாசனையை எடுக்க முடியாது, மணம் கெட்டுவிடும். அதனால் பூவை அடுக்குத் தட்டுகளில் பரப்பி ஹெக்சேனில் ஊறவைக்கிறார்கள். ஹெக்சேன் 69 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அதைப் பிறகு மென்மையாக ஆவியாக்கிப் பிரிக்கலாம். மொட்டு விரியும்போதுதான் மணம் பிறக்கிறது, குண்டுமல்லி விரிவது அந்திக்கு மேல். ஆகவே இந்த ஆலைகளில் சுறுசுறுப்பான நேரம் இரவு. ஆயிரம் கிலோ பூவுக்குக் கிடைப்பது இரண்டு கிலோவுக்கும் குறைவான மெழுகுக் குழம்பு. தொழிலில் அதைக் கான்கிரீட் என்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் அலசலில் வந்த நீர்த்த ஹெக்சேனை அடுத்த சுற்றுப் புதுப் பூவின் முதல் அலசலுக்கு விடும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. சேலை வாளிகளின் கணக்கேதான்.

பூ திடப்பொருள், தட்டில் கிடக்கும், திரவம் மட்டும் நகரும். பிரிக்க வேண்டிய பொருள் ஒரு திரவத்தில் கரைந்திருந்தால் வாளிகளே தேவையில்லை. உயரமான ஒரு குழாயை நிறுத்தி, கனமான திரவத்தை மேலிருந்தும், அதோடு கலக்காத இலேசான திரவத்தை அடியிலிருந்தும் விட்டால் போதும். கனமானது இறங்கும், இலேசானது துளித் துளியாக ஏறும். எதிரோட்டம் தானாக நடக்கும். இதுதான் பிரித்தெடுப்புக் கோபுரம். வாளிகள் இல்லாததால் எத்தனை அலசல் நடந்தது என்பதை உயரத்தைக் கொண்டு சொல்கிறார்கள். ஒரு முழு அலசலுக்கு ஈடான வேலை நடக்கக் கோபுரத்தில் எத்தனை மீட்டர் ஆகிறது என்பதுதான் அதன் தரத்துக்கு அளவுகோல். அந்த உயரத்தை எது தீர்மானிக்கிறது? இதைத்தான் பொறியாளர்கள் நிறைமாற்றம் என்ற தலைப்பின்கீழ் ஒரு நூற்றாண்டாக ஆராய்கிறார்கள்.

பரப்பிலிருந்து தொடங்குவோம். பொருள் ஒரு திரவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவது இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடைமுகத்தில் மட்டும். ஒரு லிட்டர் கரைப்பானை ஒரே உருண்டையாகத் திரட்டினால் அதன் மேற்பரப்பு அரைச் சதுர அடி. அதே ஒரு லிட்டரை இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 2,40,000 துளிகள் வரும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 32 சதுர அடி, சிறிய குளியலறைத் தரையின் அளவு. துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு இன்னும் இரட்டிக்கும்.

அப்படியானால் பொடித்துக்கொண்டே போகலாமே? போக முடியாது. சின்னத் துளி மெதுவாக ஏறும். எதிரே இறங்கிவரும் திரவத்தின் வேகம் துளி ஏறும் வேகத்தை எட்டினால் துளி நின்றுவிடும். பின்னால் வரும் துளிகள் அதன்மேல் குவியும்; குவியக் குவிய இறங்கும் திரவத்துக்கு வழி குறுகும்; வழி குறுகினால் அதன் வேகம் கூடும்; துளிகள் இன்னும் தடுமாறும். சில நிமிடங்களில் கரைப்பான் போக வேண்டிய வாசலை விட்டு எதிர் வாசல் வழியே வெளியே வர ஆரம்பித்துவிடும். ஆலையில் இதை ஃப்ளடிங் என்பார்கள். கோபுரத்தை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதற்கு இதுதான் எல்லை. 1953-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வகத்தைச் சேர்ந்த கேய்லர், ராபர்ட்ஸ், பிராட் ஆகியோர் இந்த நெரிசலுக்கு ஓர் ஒழுங்கு கண்டார்கள். இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று கடக்கும் வேகத்தை, குழாய்க்குள் எந்த நேரத்திலும் தங்கியிருக்கும் துளிகளின் பங்கோடு அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். அந்தப் பங்குக்குத் தேக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதை அளக்கும் வழி எளிமையானது: ஓடிக்கொண்டிருக்கும் கோபுரத்தின் எல்லா வால்வுகளையும் ஒரே நொடியில் மூடிவிட்டு, துளிகள் மேலே சேர்ந்து அடுக்காக நிற்கும்வரை காத்திருந்து, அந்த அடுக்கின் கனத்தை அளப்பார்கள்.

பரப்பு கிடைத்தாயிற்று. இனி ஒரே ஒரு துளியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையின் உண்மையான நுட்பம் அங்கேதான் இருக்கிறது. திரவத்துக்குள் ஒரு மூலக்கூறு தன் போக்கில் பரவி ஒரு மில்லிமீட்டர் நகரச் சில நிமிடங்கள் ஆகும். துளி அசையாத கோலிக்குண்டாக இருந்தால், அதன் வெளித்தோல் பொருளை வாங்கிக்கொண்டு நிறைந்துவிடும். நடுப்பகுதி காலியாகவே மேலே போய்ச் சேரும். நல்லவேளையாகப் பெரும்பாலான துளிகள் அப்படி இருப்பதில்லை. வெளியே உரசிச் செல்லும் திரவம் துளியின் தோலைப் பின்னுக்கு இழுக்கிறது. தோல் பின்னால் போய் நடுவழியாக முன்னே திரும்பி வருகிறது. துளிக்குள்ளேயே ஒரு சுழற்சி. 1950-ல் கிரோனிக், பிரிங்க் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சுழற்சியால் பரவல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகப்படும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். துளி இன்னும் பெரிதாகி நெளிந்து அதிரத் தொடங்கினால் அதைவிடவும் வேகம்.

இங்கே ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. சோப்புத்தன்மையுள்ள ஏதோ ஓர் அழுக்கு, லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தால்கூடப் போதும், துளியின் தோலில் ஒட்டிப் பின்பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். தோல் விறைத்துவிடும். உள்சுழற்சி நின்றுபோகும். துளியின் அளவு மாறவில்லை, பரப்பு மாறவில்லை, ஆனால் பொருள் தாண்டும் வேகம் சரிந்துவிடும். ஆய்வகத்தில் வடித்தெடுத்த சுத்தமான திரவங்களை வைத்து அழகாக வேலை செய்த கோபுரம் ஆலையில் ஏமாற்றுவதற்கு இதுவே போதும்.

பொருள் எந்தப் பக்கம் தாண்டுகிறது என்பதுகூடத் துளியின் அளவை மாற்றும். இது எனக்குப் பிடித்த பகுதி. கரைந்த பொருள் இடைமுக இழுவிசையைக் குறைக்கும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், பல பொருள்கள் அப்படித்தான். அது துளியிலிருந்து வெளியே போகிறது. இரண்டு துளிகள் நெருங்கும்போது அவற்றுக்கு நடுவே மாட்டிய மெல்லிய படலத்தில் இரண்டு பக்கமிருந்தும் பொருள் வந்து சேர்கிறது. அங்கே இழுவிசை குறைகிறது. சுற்றிலும் இழுவிசை அதிகம். ஆகவே படலத் திரவம் வெளியே இழுக்கப்பட்டுச் சட்டென்று வடிகிறது. துளிகள் ஒட்டி ஒன்றாகின்றன. பொருள் வெளியிலிருந்து துளிக்குள் போனால் கதை தலைகீழ்: படலம் வடியத் தயங்கும், துளிகள் பொடியாகவே இருக்கும். அதே கோபுரம், அதே மூன்று பொருள்கள், திசை மட்டும் வேறு. துளியின் அளவும் பிரித்தெடுக்கும் திறனும் வேறாகிவிடுகின்றன. இழுவிசை வேற்றுமையால் திரவம் இப்படி நகர்வதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்த இத்தாலியரின் பெயரால் மராங்கோனி விளைவு என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கோபுரங்களுக்கு மிகக் கடினமான வேலை கல்பாக்கத்தில் இருக்கிறது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்கும் முறைக்குப் பியூரெக்ஸ் என்று பெயர். ட்ரைபியூட்டைல் பாஸ்ஃபேட் என்ற கரைப்பானை ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்து, டோடெகேன் போன்ற மண்ணெண்ணெய் வகைத் திரவத்தில் கலந்து பயன்படுத்துகிறார்கள். அது யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிடித்துக்கொள்ளும். கடுங்கதிர்வீச்சுள்ள பிளவுப் பொருள்களில் பெரும்பகுதியை அமிலத்திலேயே விட்டுவிடும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 1956-ல் தொடங்கிய பியூரெக்ஸ் ஆலை இதற்கு உயரமான கோபுரங்களைப் பயன்படுத்தியது. இந்தியாவில் டிராம்பேயில் 1964-ல் முதல் ஆலை வந்தது. தாராப்பூரும், 1990-களின் பிற்பகுதியில் கல்பாக்கமும் தொடர்ந்தன.

இந்த ஆலைகளில் கோபுரத்துக்குள் சுழலும் தண்டோ மோட்டாரோ இருக்கக் கூடாது. கெட்டுப்போனால் கதிர்வீச்சுக்கு நடுவே போய்ப் பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாது. துளியை உடைக்க ஏதாவது ஒன்று அசைந்தாகவும் வேண்டும். 1935-ல் வான் டைக் என்ற டச்சுப் பொறியாளர் காப்புரிமை பெற்ற யோசனை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கோபுரத்துக்குள் துளையிட்ட தட்டுகளை அசையாமல் அடுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் திரவம் முழுவதையும் மேலும் கீழுமாகத் துடிக்க வையுங்கள் என்றார் அவர். ஹான்ஃபோர்டில் வழக்கத்துக்கு வந்து இன்றும் பலர் பின்பற்றும் அமைப்பில் தட்டுகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி; துளைகள் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்; தட்டின் பரப்பில் 23 சதவீதம் துளை. நொடிக்கு ஒரு துடிப்பு அளவில், ஓரிரு சென்டிமீட்டர் ஏறி இறங்கும் திரவம் துளைகள் வழியே பாயும்போதெல்லாம் துளிகள் உடைகின்றன. தட்டுக்கடியில் சற்றுத் தங்கிச் சேர்ந்து, அடுத்த துடிப்பில் மறுபடி புதுத் தோலோடு பிறக்கின்றன. இந்திய ஆலைகளில் துடிப்பைத் தருவது அழுத்தப்பட்ட காற்று. அதைத் திறந்து மூடும் வால்வுகளைக் கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். எந்திரப் பொறியியலில் இவ்வளவு நேர்த்தியான தீர்வுகள் குறைவு என்றே நினைக்கிறேன்.

துடிப்பைக் கூட்டினால் துளி பொடியும், பரப்பு பெருகும், ஒரு கட்டத்தில் ஃப்ளடிங் வரும். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. இறங்க வேண்டிய திரவத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் மேல்நோக்கி எத்தப்படுகிறது. கீழே போய் ஓரளவு வெளுத்த திரவம் மேலே திரும்பி, இன்னும் வெளுக்காததோடு கலந்துவிடுகிறது. மூன்றாவது வாளித் தண்ணீரையும் முதல் வாளித் தண்ணீரையும் கைதவறிக் கலந்ததற்கு இது சமம். எதிரோட்டத்தின் உயிரே செறிவு வேற்றுமைதான். பின்கலப்பு எனப்படும் இந்தக் கலப்பு அதை மழுக்கிவிடுகிறது. ஒவ்வொரு துளியும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தும் கோபுரம் மொத்தத்தில் தோற்பதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பின்னோட்டம் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வழிகாட்டியது 1953-ல் கேம்பிரிட்ஜின் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ் எழுதிய கட்டுரை. ஓடும் திரவத்தில் ஒரு நொடிக்கு மட்டும் சாயமோ உப்போ செலுத்துங்கள். வெளியேறும் வாசலில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளந்துகொண்டே இருங்கள். திரவம் ஒழுங்கு குலையாமல் இறங்கியிருந்தால் உப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து தீர்ந்துவிடும். பின்கலப்பு இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும், கொஞ்சம் மிகத் தாமதமாக வரும்; வரைபடத்தில் நீண்ட வால் விழும். அந்த வாலின் நீளத்திலிருந்து பின்கலப்பின் அளவைக் கணக்கிடலாம். உப்பை நடுவில் செலுத்தி, அது ஓட்டத்துக்கு எதிராக மேலே எவ்வளவு தூரம் ஏறுகிறது என்றும் பார்க்கலாம். நேரான ஓட்டத்தில் ஒரு துளி உப்புகூட மேலே தென்படக் கூடாது. தென்படுகிறது.

குழாய் அகலமாக அகலமாக இந்த நோய் முற்றுகிறது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆய்வகக் குழாயில் சுவர்கள் திரவத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு மீட்டர் அகலக் கோபுரத்தில் ஒரு பக்கம் துளிகள் கூட்டமாக ஏற, மறுபக்கம் திரவம் மொத்தமாகச் சரிய, பெரிய சுழல்கள் உண்டாகின்றன. பெரிய கோபுரங்களில் உயரத்தின் பாதிக்கு மேல்கூடப் பின்கலப்பை ஈடுகட்டவே செலவாகிவிடுவதுண்டு. சின்னக் குழாயில் அரை மீட்டரில் நடந்த அலசலுக்குப் பெரியதில் ஒன்றரை மீட்டர் கேட்டால் பொறியாளர் வியப்படைவதில்லை. புளூட்டோனியம் கையாளும் கோபுரங்களுக்கு வேறொரு கட்டுப்பாடும் சேர்கிறது: தொடர்வினை தற்செயலாகத் தொடங்கிவிடாதிருக்க அவற்றை அகலமாக்கவே கூடாது. பிரான்சின் லா ஆக் ஆலையில் இதற்காக ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகளை வைத்து, நடுவில் உள்ள வளைய இடைவெளியில் மட்டும் திரவத்தை ஓட விட்டார்கள்.

இந்தச் சிக்கல்களுக்கு எண்களும் சமன்பாடுகளும் தந்தவர்களில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. மதுரைக்குக் கிழக்கே காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-ல் சென்னையில் அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஏ.சி. டெக் என்று எல்லோரும் அழைப்பது அதைத்தான். அங்கே பேராசிரியர் ஜி.எஸ். லத்தாவும் டி.இ. தெகலீசனும் தெளிப்புக் கோபுரம், நிரப்புக் கோபுரம், சுழல்தட்டுக் கோபுரம் என்று வகைவகையாக ஆராய்ந்தார்கள். துளியின் அளவு, தேக்கம், ஃப்ளடிங், நிறைமாற்ற வேகம் ஆகியவற்றைத் திரவங்களின் இயல்புகளோடு இணைத்து அவர்கள் 1976-ல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தத் துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கிராமத்துச் செட்டியாரின் கொடை பிரித்தெடுப்புக் கோபுரக் கணக்குகள்வரை போய்ச் சேர்ந்தது என்பதை நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்லலாம்.

கல்பாக்கம் இதற்கிடையே கோபுரத்தையே விட்டுவிட வேண்டிய ஒரு கட்டத்தையும் சந்தித்தது. வேக உலைகள் எனப்படும் அணு உலை வகையின் எரிபொருளில் புளூட்டோனியம் அதிகம், கதிர்வீச்சும் கடுமை. கோபுரத்தில் நிமிடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் கரைப்பானே சிதைய ஆரம்பிக்கும். சிதைவில் பிறக்கும் பொருள்களில் சில இடைமுகத்தில் போய் ஒட்டிக்கொள்பவை. துளியின் தோல் விறைப்பதைப் பற்றி மேலே சொன்னது இங்கே நேரடித் தொல்லை. 2003-ல் வேலை தொடங்கிய கோரல் என்ற சிறு ஆலையில் அதனால் மையவிலக்குப் பிரிப்பான்களைப் பொருத்தினார்கள். வேகமாகச் சுழலும் சிறு கிண்ணத்தில் இரண்டு திரவங்களும் சில நொடிகள் கலந்து, அடுத்த சில நொடிகளில் பிரிந்துவிடும். உள்ளே சுழலும் பாகம் இருப்பதால், பழுதானால் தொலைவிலிருந்தே கழற்றி மாட்டும்படி அவற்றை வடிவமைக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தின்மேல் கல்பாக்கத்தில் கட்டிய மாதிரி மறுசுழற்சி ஆலை 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மற்ற தொழில்களில் கோபுரம் அப்படியே தொடர்கிறது. வெவ்வேறு நாட்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட ஐரோப்பிய வேதிப் பொறியாளர் கூட்டமைப்பு மூன்று பொதுச் சோதனைக் கலவைகளைப் பரிந்துரைத்திருக்கிறது. இடைமுக இழுவிசை மிகுந்தது, நடுத்தரமானது, குறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. துளிகள் உடைவதையும் சேர்வதையும் கணினியில் கணக்கிடும் முறைகளும் நன்றாக வளர்ந்துவிட்டன. ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அழுக்கு துளியின் தோலை என்ன செய்யும் என்பதை எந்தக் கணினியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் புதிய கோபுரம் கட்டும் முன் ஆலையின் கரைசலையே பீப்பாயில் கொண்டுவந்து, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அகலச் சோதனைக் குழாயில் ஓட்டி, ஃப்ளடிங் வரும்வரை துடிப்பைக் கூட்டிப் பார்த்து, உப்பு செலுத்திப் பின்கலப்பை அளந்து, அதன் பிறகே உயரத்தை முடிவு செய்கிறார்கள்.